400 பேர் ஆண்டுக் கூட்டம், 82 டன் கார்பன்: எதைக் குறைக்கலாம், எதற்குக் காசு கட்டலாம்?

அம்பத்தூர் அட்மின் | 3 ஜூலை 2025, காலை 10:12

எங்க கம்பெனி சேல்ஸ் ஆண்டுக் கூட்டம் செப்டம்பர் 26, 27. வெள்ளி, சனி. 400 பேர்: சென்னை 160, பெங்களூரு 100, டெல்லி 60, மும்பை 50, கோவை 30. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட் பேசிட்டிருக்காங்க, அட்வான்ஸ் இன்னும் போகல. "இந்தத் தடவை கார்பன் நியூட்ரல்"னு மேலிடத்து உத்தரவு. என் லிஸ்ட்: துணிப்பை, சணல் ஃபைல், மூங்கில் பேனா, ஃப்ளெக்ஸ் கிடையாது, பாக்குமட்டைத் தட்டு, ஆளுக்கு ஒரு மரக்கன்று. மிச்சத்துக்கு கார்பன் கிரெடிட், அதாவது வேற எங்கேயோ குறைச்ச கார்பனுக்கு நாம காசு கட்டுறது. இது போதுமா?

பேரேடு | 3 ஜூலை, மதியம் 1:40

உங்கள் லிஸ்ட் முழுக்கக் குப்பையைப் பற்றியது. குப்பை குறையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் சேர்ந்து ஒரு டன் கார்பனைக்கூடக் குறைக்காது. முதலில் தோராயக் கணக்கு.

விமானம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. டெல்லி–சென்னைக்கு ஏ320 நியோ ஆறு டன் எரிபொருள் எரிக்கும் என்றும், அதில் 150 பேருக்குச் சற்று மேல் இருப்பார்கள் என்றும் வைத்தால், தலைக்கு ஒரு வழிக்கு 120 கிலோவை ஒட்டி வரும். அதே முறையில் மும்பை 80, கோவை 45, பெங்களூரு 40. பெங்களூரு தூரம் குறைவுதான், ஆனால் மேலே ஏறுவதற்கே எரிபொருளில் பெரும்பங்கு போய்விடுகிறது. போக வர:

டெல்லி 60 பேர்: 14.4 டன்
மும்பை 50: 8 டன்
பெங்களூரு 100: 8 டன்
கோவை 30: 2.7 டன்

கூட்டினால் 33 டன். உயரத்தில் விடும் நீராவி, நைட்ரஜன் ஆக்சைடு, புகைக்கோடு இவற்றின் சூட்டையும் சேர்க்க பிரிட்டன் அரசின் அட்டவணை 1.7-ஆல் பெருக்கச் சொல்கிறது. பெருக்கினால் 56.

அறை. அதே அட்டவணையில் இந்திய ஓட்டல்களுக்கு ஓர் அறை, ஓர் இரவு, 60 கிலோவை ஒட்டி. வெளியூர்க்காரர்கள் 240 பேர், அறைக்கு இருவர், இரண்டு இரவு: 14.4 டன். தனி அறை கொடுத்தால் இரட்டிப்பு.

உள்ளூர். 160 பேரும் தனித்தனிக் காரில் ஈசிஆரில் இரண்டு நாள் போய்வந்தால் ஆளுக்கு 200 கிலோமீட்டர், மொத்தம் 5 டன். சாப்பாடு மூன்றரை. மின்சாரமும் டீசலும் 2. மேடை, அச்சு, சரக்கு லாரி, பரிசு எல்லாம் ஒன்றரை.

மொத்தம் 82 டன். துணிப்பை அந்தக் கடைசி ஒன்றரைக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது.

அம்பத்தூர் அட்மின் | 3 ஜூலை, மதியம் 2:05

அந்த 1.7 கட்டாயமா? ஐகாவோ (ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பு) கால்குலேட்டர்ல போட்டேன், அதுல அப்படி எதுவும் வரலியே.

பேரேடு | 3 ஜூலை, மாலை 6:30

ஐகாவோ எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவை மட்டும் சொல்லும். இரண்டு விதமாகவும் போடலாம், எந்த விதம் என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் எங்கே வரும் என்றால், போன வருடம் 1.7 போட்டுவிட்டு இந்த வருடம் போடாமல் "40 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று ஸ்லைடு காட்டும்போது. குறைப்பதற்கு 1.7 சேர்த்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், முடிவு சரியான பக்கம் சாயும்.

பிசினஸ் கிளாஸ் போகிறவர்கள் இருந்தால் தனி வரி. அந்த இருக்கை பிடிக்கும் இடத்துக்கேற்ப, குறுகிய தூரத்தில் சாதாரண இருக்கையைப் போல ஒன்றரை மடங்கு. மேலிடத்துக்கு இந்த வரியைக் காட்டுவதா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

தண்டவாளம் | 4 ஜூலை, காலை 7:15

பெங்களூரு, கோவை 130 பேரும் ரயிலில் வரலாமே. பெங்களூரு 360 கி.மீ., கோவை 495. மின்சார ரயில், ஏசி சேர் கார். ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 20 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் 130 பேருக்கும் போக வர 2 டன். விமானத்தில் அதே ஆட்களுக்கு 10.7, அந்த 1.7 சேர்த்தால் 18.

நடக்காமல் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கூட்டம் காலை 9 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டுவிடுவார்கள். 9 மணிக்கு வர வேண்டுமானால் முந்தைய இரவே வர வேண்டும், அல்லது காலை முதல் விமானம். தொடக்கத்தைப் பகல் 2 மணிக்குத் தள்ளுங்கள். காலை 6 மணி சுமாருக்குப் பெங்களூரில் கிளம்பும் சதாப்தி 11 மணி வாக்கில் சென்ட்ரல் வந்துவிடும். மைசூரிலிருந்து வரும் காலை வந்தே பாரத் பன்னிரண்டரைக்குள். கோவை வந்தே பாரத்தும் காலையில் கிளம்பி மதியத்துக்கு முன்னால் வந்துவிடும். நேரம் மாறும், புக் பண்ணும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்பதிவு காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். 26-ஆம் தேதிப் பயணத்துக்கு ஜூலை 28 காலை 8 மணிக்குத் திறக்கும். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். 100 பேருக்கு 17 டிக்கெட். பெயர் லிஸ்ட் ஜூலை 27 இரவே ஆறு ஆறாகப் பிரித்துத் தயாராக இருக்கட்டும். திரும்பும் 27 சனிக்கிழமை, அடுத்த புதன் ஆயுதபூஜை, மைசூரு தசரா வேறு. அன்று மாலை பெங்களூரு வண்டிகளில் இடம் சட்டென்று போய்விடும்.

பேரேடு | 4 ஜூலை, காலை 9:00

2 மணித் தொடக்கத்தில் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. முந்தைய இரவு அறை வேண்டாம். இரண்டு இரவு ஒன்றாகிறது, 7.2 டன் அங்கேயே போகிறது. விற்பனைக் கூட்டத்தின் முதல் நாள் காலை பெரும்பாலும் வரவேற்புரையும் குத்துவிளக்கும்தான், பெரிய இழப்பு இல்லை.

அம்பத்தூர் அட்மின் | 4 ஜூலை, காலை 11:20

ரயில்னு சொன்னா சேல்ஸ் ஆளுங்க முகம் சுளிப்பாங்க சார். ஃபைனான்ஸும் "எதுக்கு இந்த வேலை"ன்னுவாங்க.

தண்டவாளம் | 4 ஜூலை, காலை 11:41

ஃபைனான்ஸுக்கு: ஏசி வகுப்பு டிக்கெட் எடுக்கும்போதே கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைப் போடலாம், விலைப்பட்டியல் வரும். விமானத்தோடு டிக்கெட் விலையை ஒப்பிட்டுப் பக்கத்தில் வையுங்கள், அவர்களே ரயிலுக்குக் கொடி அசைப்பார்கள். சேல்ஸ் ஆட்களுக்கு: கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

பேரேடு | 5 ஜூலை, இரவு 9:50

இடத்தைப் பற்றி. மாமல்லபுரம் ரிசார்ட் என்றால் ரயிலில் வந்தவர்களை சென்ட்ரலிலிருந்து 55, 60 கிலோமீட்டர் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை மாலை ஐந்தரை சதாப்தியைப் பிடிக்க மதியம் 2:30-க்கே கூட்டத்தை முடிக்க வேண்டும். ரயில் திட்டமே இதில் அடிபடும்.

கிண்டி, ஆலந்தூர், நந்தம்பாக்கம் வட்டாரத்தில் பாருங்கள். விமான நிலையத்திலிருந்தும் சென்ட்ரலிலிருந்தும் மெட்ரோ. உள்ளூர் 160 பேரும் மெட்ரோவில் வரலாம், அந்த 5 டன் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ரிசார்ட்டேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நான்கு பஸ். பஸ் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுக்கும், இரண்டு நாளுக்கு நான்கும் சேர்ந்து 0.6 டன். அப்போது கார் பார்க்கிங் கூப்பன் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பஸ் காலியாக ஓடும், கார்களும் வரும், இரண்டும் கணக்கில் ஏறும்.

கடல் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மெரினா இருக்கிறது. டிக்கெட்டும் இல்லை.

ஒலி ஒளி | 6 ஜூலை, காலை 8:30

மின்சாரம் 2 டன்தான்னு தள்ளிவிடாதீங்க. பணம் மிச்சமாகிற இடம் அது.

ஜெனரேட்டர்: நிறைய இடத்துல பந்தல்காரர், லைட்காரர் சொந்த ஜெனரேட்டர் கொண்டு வந்து முழு நேரமும் ஓட்டுவார். ஏன்னா அரங்கு கரண்டுக்கு யூனிட் கணக்குல தனியா பில் போடும், டீசல் பேக்கேஜுக்குள்ள மறைஞ்சிடும். 125 கேவிஏ மெஷின் கால்வாசி லோடுல மணிக்கு 8, 9 லிட்டர் குடிக்கும். ரெண்டு நாள் செட்டப்போட சேர்த்து 30 மணி நேரம்னா 270 லிட்டர். லிட்டருக்கு 2.68 கிலோ. முக்கால் டன் போச்சு. குறைஞ்ச லோடுல ரொம்ப நேரம் ஓட்டினா இன்ஜின்ல எரியாத டீசலும் கரியும் படியும், மெஷினுக்கும் கெடுதல்.

செய்ய வேண்டியது: முழு லோடும் அரங்கு கரண்ட். ஜெனரேட்டர் தானா மாறுற பேனலோட ஸ்டாண்ட்-பை. மாறுற அந்த சில விநாடிக்கு சவுண்ட் கன்சோல், மீடியா சர்வர், எல்ஈடி சுவரோட பிராசஸர் மூணையும் 5 கேவிஏ யூபிஎஸ்ல போடுங்க. சுவர் ஒரு தடவை கறுத்துட்டு வரும், பிராசஸர் உயிரோட இருந்தா உடனே படம் வந்துடும். இதை ஒப்பந்தத்துல எழுதணும். வாய்ல சொன்னா சரி சரின்னு தலையாட்டிட்டு காலையில ஸ்டார்ட் பண்ணிடுவாங்க. மீட்டர்ல மணி எண் இருக்கும், வரும்போது ஒரு போட்டோ, போகும்போது ஒரு போட்டோ.

எல்ஈடி சுவர்: 12 மீட்டருக்கு 4 மீட்டர்னா சராசரி 10 கிலோவாட். வெள்ளை பின்னணி ஸ்லைடு போட்டா ஏறும், கறுப்பு பின்னணின்னா நல்லா இறங்கும். டெம்ப்ளேட்டை மாத்துறது இலவசம்.

ஒலி ஒளி | 6 ஜூலை, காலை 8:52

ஏசி விட்டுப்போச்சு. 400 பேர் ஹாலுக்கு 60 டன் (இது ஏசி டன், கார்பன் டன் இல்ல) அளவு குளிர்ச்சி தேவைப்படும். பம்ப், காற்று ஊதுற மெஷின் எல்லாம் சேர்த்து மணிக்கு 65 யூனிட் பக்கம். கொடுமை என்னன்னா செட்டப் நடக்கிற முந்தின ராத்திரியும் இது ஓடும், லாரி வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கும். சாமான் ஏத்தி இறக்கும்போது காற்று மட்டும் ஊதச் சொல்லுங்க. கூட்டத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாடி குளிர வெச்சா போதும். செட்டிங் 24. ஒரு டிகிரி ஏத்தினா 6 சதவீதம் கரண்ட் குறையும்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது. 24-ல வேர்க்குதுன்னு முதல்ல கத்துறவர் கோட்டு சூட்டு போட்டவர். அழைப்பிதழ்லயே "கோட் வேண்டாம்"னு போடுங்க.

பேரேடு | 6 ஜூலை, மாலை 5:10

மேலே சொன்னதில் ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அரங்குக்காரர் "எங்களுடையது முழுக்கக் காற்றாலை மின்சாரம்" என்பார். தமிழ்நாட்டில் அது உண்மையாகவே இருக்கலாம், நிறைய ஓட்டல்களும் ஐடி பார்க்குகளும் காற்றாலைகளில் பங்கு வைத்து மின்சாரம் எடுக்கின்றன. அப்போதும் இரண்டு வரி எழுதுங்கள்: மின்தொகுப்பின் சராசரிப்படி, அதாவது யூனிட்டுக்கு 0.72 கிலோவை ஒட்டி, எவ்வளவு. வாங்கிய ஒப்பந்தப்படி எவ்வளவு. ஒரே வரியில் பூஜ்யம் போட்டால் ஏசியைக் குறைக்க யாருக்கும் காரணம் இருக்காது.

பந்தி | 7 ஜூலை, காலை 6:45

சாப்பாட்டுப் பக்கம் யாரும் வரலையே.

தேதி 26, 27 செப்டம்பர். புரட்டாசி. அதுலயும் வெள்ளி, சனி. நான்-வெஜ் கவுண்ட் தானாவே பாதிக்கு மேல விழும். பழைய வருஷம் ஏப்ரல்ல நடந்த கூட்டத்தோட விகிதத்தை வெச்சு மட்டன் சொன்னீங்கன்னா அத்தனையும் வீணாகும். பதிவுப் படிவத்துலயே வேளைக்கு வேளை சைவமா அசைவமான்னு கேளுங்க. மட்டன் முழுசா எடுத்துட்டு சிக்கன், மீன், முட்டை வெச்சாலே பெரிய குறைப்பு. கிலோவுக்குக் கிலோ பார்த்தா மட்டன் சிக்கனைப் போல மூணு, நாலு மடங்கு.

சைவம்னா உடனே பனீர் மூணு ஐட்டம் போடாதீங்க. ஒரு கிலோ பனீருக்கு அஞ்சாறு லிட்டர் பால் போகுது. அந்த மாடும் ஏப்பம் விடுற மாடுதான். கூட்டு, பொரியல், பருப்பு உசிலி, சுண்டல், காளான்.

கவுண்ட்: 400 பதிவுன்னா 400-க்கு உத்தரவாதம் கொடுக்காதீங்க. 340, 350-க்குக் கொடுங்க, மேலே 10 சதவீதத்துக்கு அரிசியும் காயும் கையிருப்பா வெச்சிருக்கச் சொல்லுங்க, ஆக்காம. சாதம் அரை மணியில ஆயிடும். பஃபேயில கடைசி 30 நிமிஷம்தான் வீணாப்போற நேரம். பாத்திரம் நிறைஞ்சு தெரியணும்னு நிரப்பிக்கிட்டே இருப்பாங்க. 1:45-க்கு மேல சின்னப் பாத்திரத்துக்கு மாத்துங்க.

அம்பத்தூர் அட்மின் | 7 ஜூலை, காலை 10:30

மீந்ததை ஆசிரமத்துக்குக் கொடுத்திடலாம்ல?

பந்தி | 7 ஜூலை, மதியம் 3:20

கொடுக்கலாம். கடைசி நேரத்துல போன் பண்ணினா நடக்காது. 2014-ல கோவையில ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி அமைப்புகளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி, வண்டி எத்தனை மணிக்குன்னு முடிவு பண்ணணும். உபரி உணவுக்குன்னே எஃப்எஸ்எஸ்ஏஐயோட (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2019 விதிமுறை இருக்கு. பரிமாறுற மேசைக்கு வந்த பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது, சமையற்கட்டுல கை படாம இருக்கிறது மட்டும். சூடாவே, 60 டிகிரிக்கு மேல வெச்சிருந்து கொடுக்கணும். சாம்பார் சாதம், காய் பிரியாணி தாங்கும். தேங்காய் அரைச்ச குழம்பு சென்னை வெயில்ல மூணு மணி நேரத்துல பல்லைக் காட்டிடும்.

எச்சில் தனி வாளி. ஈரம், காய்ந்தது கலந்து போனா பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேட்டுல மீத்தேனா ஊதும்.

தண்டவாளம் | 7 ஜூலை, மாலை 4:00

குப்பைன்னதும் ஒரு விதி ஞாபகம் வருது: 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே மாநகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பேரேடு | 7 ஜூலை, மாலை 4:45

திடக்கழிவு விதி. அதில் "உரிமம் பெறாத இடத்தில்" என்று இருக்கிறது. ஓட்டல், மண்டபம் என்றால் இது பொருந்தாது. பண்ணை வீடு, காலி மைதானம் என்றால் பொருந்தும். பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு இரண்டு இடத்திலும் உண்டு.

அட்மின் கவனத்துக்கு இன்னொன்று: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. "பேப்பர்தானே" என்று காபி கவுண்டரில் அடுக்கி வைப்பார்கள். பீங்கான் அல்லது எவர்சில்வர் டம்ளர். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன், கண்ணாடி டம்ளர். இதில் கார்பன் மிச்சம் கால் டன்கூட வராது. செய்ய வேண்டியது குப்பைக்காக.

அம்பத்தூர் அட்மின் | 9 ஜூலை, இரவு 8:15

மரக்கன்று பத்தி யாரும் சொல்லல. 400 கன்றுக்கு கொட்டேஷன் வாங்கிட்டேன்.

ஒலி ஒளி | 9 ஜூலை, இரவு 8:31

டெல்லிக்காரர் வேப்பங்கன்றைக் கையில தூக்கிட்டு செக்யூரிட்டில நிக்கிற காட்சி.

பேரேடு | 9 ஜூலை, இரவு 9:40

வெளியூர்க்காரர்களின் கன்றுகள் அறையிலேயே தங்கிவிடும், கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு. உள்ளூரில் போனதும் முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்தான் பிழைக்கும். பிழைத்தாலும் இந்த ஆண்டு விட்ட புகையை உறிஞ்ச அதற்குப் பல பத்தாண்டு ஆகும். ஆசைக்கு நடுங்கள், கணக்கில் எழுதாதீர்கள். மத்திய அரசின் 2023 பசுமைக் கிரெடிட் திட்டத்தையும் இதோடு குழப்ப வேண்டாம், அது கார்பன் கிரெடிட் கிடையாது.

பொன்னாடை, பூங்கொத்து, ஷீல்டு மூன்றையும் நிறுத்தினால் மேடையில் அரை மணி நேரம் மிச்சம். அந்த ஒரு காரணமே போதும்.

பேரேடு | 12 ஜூலை, காலை 10:00

டெல்லிதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 60 பேருக்கு 14.4 டன், 1.7 சேர்த்து 24.5. பரிசு வாங்குகிறவர்கள், பேசுகிறவர்கள் 15 பேர் வரட்டும். மற்ற 45 பேர் குருகிராமில் ஒரே அறையில் பெரிய திரையில் சேரட்டும். வீட்டிலிருந்து தனித்தனியாகச் சேரச் சொல்லாதீர்கள், அரை மணியில் கேமராவை அணைத்துவிடுவார்கள். அந்த அறைக்குத் தனி தொகுப்பாளர், அங்கிருந்து கேள்வி கேட்க மைக், சென்னையில் போடும் அதே சாப்பாட்டுச் செலவு. இது இல்லையென்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பார்கள், அடுத்த வருடம் 60 பேரும் டிக்கெட் கேட்பார்கள்.

இப்போது திருத்திய கணக்கு. விமானம் 65 பேர் மட்டும்: 11.6 டன், பெருக்கினால் 19.7. ரயில் 2. அறை 195 பேர், 98 அறை, ஓர் இரவு: 5.9. உள்ளூர் 0.8. சாப்பாடு 2.5. மின்சாரம் 1.3. மற்றவை 1. மொத்தம் 33. இந்த 82–33 வித்தியாசத்தில் பெரும்பகுதி நான்கு முடிவுகளில் வந்தது: தொடங்கும் நேரம், இடம், ரயில், டெல்லி. நான்கையும் இப்போது எடுக்கலாம், செப்டம்பரில் எடுக்க முடியாது.

அம்பத்தூர் அட்மின் | 14 ஜூலை, காலை 9:25

கிண்டி பக்கம் இடம் ஓகே ஆயிடுச்சு. 2 மணி ஆரம்பமும் ஓகே. டெல்லி 60 இப்போ 22-ல நிக்குது. மிச்சத்துக்கு கிரெடிட் வாங்க ஒரு புரோக்கர் டன்னுக்கு 3 டாலர்னு சொல்றார். காற்றாலை கிரெடிட், தமிழ்நாட்டோடதேவாம். வாங்கிடலாமா?

பேரேடு | 14 ஜூலை, இரவு 10:20

7 பேர் கூடினால் விமானமும் அறையும் சேர்த்து மூன்று டன் ஏறும். 36 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றாலை கிரெடிட் ஏன் மலிவு? முப்பந்தலிலோ கயத்தாறிலோ ஓடும் காற்றாலை மின்சாரம் விற்றே பிழைக்கிறது. உங்கள் 3 டாலர் வராவிட்டாலும் சுற்றும். "இந்தப் பணம் இல்லாவிட்டால் நடந்திருக்காது" என்பதுதான் கிரெடிட்டுக்கு அடிப்படை. அது இங்கே நிற்கவில்லை. தன்னார்வ கார்பன் சந்தைக்குத் தரம் வகுக்கும் ஐசிவிசிஎம் குழு 2024 ஆகஸ்டில் எட்டு புதுப்பிக்கத்தக்க மின்சார வழிமுறைகளை இதே காரணத்துக்காகத் தள்ளிவிட்டது. கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெரா அமைப்பு, இந்தியா போன்ற நாடுகளின் தொகுப்பு மின்சாரத் திட்டங்களைப் புதிதாகச் சேர்ப்பதை 2019 இறுதியோடு நிறுத்தியது. புரோக்கரிடம் இருப்பது பழைய சரக்கு.

புகையில்லா அடுப்பு கிரெடிட்டுகளிலும் கவனம். 2024-ல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஆய்வு, எடுத்துப் பார்த்த திட்டங்களில் உண்மைக் குறைப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் கிரெடிட் எழுதியிருப்பதாகக் கணித்தது. மழைக்காட்டு கிரெடிட்டுகளின் கதை 2023 தொடக்கத்திலேயே நாறிவிட்டது, வெரா மறுத்தாலும்.

பயோசார் பாருங்கள். உமி, பருத்திமார், சீமைக்கருவேலம் இவற்றைக் காற்று குறைவாகச் சுட்டுக் கரியாக்கி மண்ணில் கலப்பது. கரியின் எடையையும் அதிலிருக்கும் கார்பனையும் அளந்து எழுதலாம், பல நூற்றாண்டு நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: சூளையின் புகையை எரிக்கிறார்களா, அப்படியே வெளியே விடுகிறார்களா? விட்டால் மீத்தேன் போய்விடும், லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரையும். விலை டன்னுக்கு நூறு டாலரைத் தாண்டும். 36 டன்னுக்கு 3 லட்சம் ரூபாயைச் சற்றுத் தாண்டும், தலைக்கு 900 ரூபாய்க்குள். குறைக்காத 82 டன்னுக்கு இதே விலை போட்டுப் பார்த்து மேலிடத்துக்குக் காட்டுங்கள், டெல்லி 22 தானாக 15 ஆகும்.

தண்டவாளம் | 14 ஜூலை, இரவு 10:44

எப்போது வாங்குவது?

பேரேடு | 15 ஜூலை, காலை 7:30

கூட்டம் முடிந்து, உண்மையான வருகை எண், கரண்ட் பில், டீசல் லிட்டர் எல்லாம் வந்த பிறகு. முன்கூட்டியே வாங்கினால் எண்ணிக்கையை அந்த அளவுக்கு வளைக்கத் தோன்றும்.

வாங்கினால் மட்டும் போதாது, பதிவேட்டில் "ரிட்டயர்" செய்யச் சொல்ல வேண்டும், அதாவது இனி யாருக்கும் விற்க முடியாதபடி முடித்து வைப்பது. பல விற்பனையாளர்கள் தங்கமுலாம் பூசிய சான்றிதழ் பிடிஎஃப் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள், அதே கிரெடிட் அவர்கள் கணக்கிலேயே இருக்கும். கேட்க வேண்டியவை: வரிசை எண், எந்த ஆண்டு உற்பத்தி, ரிட்டயர் செய்த தேதி, பயனாளி பெயர் இடத்தில் உங்கள் கம்பெனி பெயரும் நிகழ்ச்சியின் பெயரும். பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்த்த பிறகு பணத்தின் கடைசிப் பகுதியை விடுவியுங்கள்.

அம்பத்தூர் அட்மின் | 15 ஜூலை, காலை 9:50

அப்போ மேடை பேனர்ல "கார்பன் நியூட்ரல் கூட்டம்"னு போட்டுக்கலாம் இல்ல?

பேரேடு | 15 ஜூலை, மதியம் 12:15

போடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப்பூச்சு விளம்பரங்களுக்கு, அதாவது சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி ஏமாற்றும் விளம்பரங்களுக்கு, வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது, இப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். ஐஎஸ்ஓ 20121 வைத்திருக்கும் அரங்கு என்பதையும் இதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது, அது நிகழ்ச்சியை நிர்வகிக்கும் முறைக்கான தரம், எத்தனை டன் என்று சொல்லாது.

எழுத வேண்டியது: "மதிப்பீடு 82 டன். நடந்தது இத்தனை டன். விமானத்தின் மற்ற விளைவுகளுக்கு 1.7 சேர்த்தது. மீதிக்கு இத்தனை டன் பயோசார் கிரெடிட், வரிசை எண் இது." நடந்தது என்ற எண் கூட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும். அதனால் பேனரில் வேண்டாம், அக்டோபரில் போகும் நன்றி மின்னஞ்சலில் போடுங்கள்.

ஒலி ஒளி | 15 ஜூலை, மதியம் 12:40

பேனரே வேண்டாமே, அதான் எல்ஈடி சுவர் இருக்கே. துணி பேனர் அடிச்சே ஆகணும்னா வருஷமும் தேதியும் போடாம அடிங்க, அடுத்த வருஷமும் கட்டலாம். தேதி மட்டும் தனித் துண்டு, வெல்க்ரோ.

தண்டவாளம் | 26 ஜூலை, இரவு 9:05

அட்மின், திங்கள் காலை 8 மணி. லிஸ்ட் ஆறு ஆறாகப் பிரிச்சாச்சா? சனிக்கிழமை திரும்பும் டிக்கெட் செவ்வாய் காலை திறக்கும். வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தவர்களுக்கு இரவு மெயிலில் ஏசி மூன்றடுக்கு அன்றைக்கே எடுத்துவிடுங்கள், "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் அத்தனை பேரும் விமானத்துக்குப் போவார்கள்.

அம்பத்தூர் அட்மின் | 29 ஜூலை, காலை 8:50

வரும்போது 100-ல 94 கன்ஃபர்ம். திரும்பும்போது 71, மிச்சம் மெயில்ல எடுத்தாச்சு. கோவை 30-ம் ஓகே. டெல்லி 17.